கலந்து பேச ஆளில்லாத கலந்தாய்வு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஓயாமல் புழங்கும் சொல் கவுன்சலிங். அரசு அறிவிப்பில் அதன் பெயர் கலந்தாய்வு. எதிரில் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் வீட்டு நிலைமையையும் கேட்பார், யோசித்து வழி சொல்வார் என்று இரண்டு சொற்களும் நினைக்க வைக்கின்றன. பொறியியல் சேர்க்கையில் அப்படி யாரும் இல்லை. மாணவர் ஒரு பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறார், கணினி இடங்களைப் பங்கிடுகிறது, முடிவு கைப்பேசிக்கு வருகிறது. இதை இடப் பங்கீடு என்று அழைத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பங்கீடு ஒழுங்காகத்தான் நடக்கிறது. கலந்தாய்வு என்ற பெயர் இருப்பதால், அந்த வேலையும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்று அரசும் பெற்றோரும் கல்லூரிகளும் ஒருசேர நம்பிவிட்டோம்.

பங்கீட்டின் நேர்மைக்காகத் தமிழ்நாடு பட்ட பாடு சிறியதல்ல. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டக்கூடியவர்களுக்கே நுழைவுத் தேர்வு சாதகம் என்று வாதிட்டு 2007இல் அதை ஒழித்தோம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, பிற அளவுகோல்களிலும் சமநிலை வந்தால் பிரித்துக்காட்டச் சமவாய்ப்பு எண் வரை கொடுத்துத் தரவரிசை தயாரிக்கிறோம். 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்தது. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நிமிடம் வரைக்கும் இந்த ஏற்பாட்டில் விரல் நுழைக்க இடமில்லை. அதற்கு அடுத்த படியில், அதாவது மாணவர் தன் விருப்பப் பட்டியலை எழுதும் இடத்தில், இந்தக் கவனம் அப்படியே நின்றுபோகிறது. அடுத்தடுத்த தரவரிசை எண் கொண்ட இருவரில் ஒருவரின் அக்கா மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், சித்தப்பா கல்லூரிப் பேராசிரியர். மற்றவர் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போய்வந்தவர். இருவரும் எழுதும் பட்டியல்கள் ஒன்றாக இருக்காது. கிடைக்கும் கல்லூரிகளும் ஒன்றாக இருக்காது. தரவரிசையில் கொடுத்த சமநீதியைப் பட்டியலில் பறிகொடுக்கிறோம் என்பதுதான் என் வாதம். அதை மீட்க வேண்டுமானால், வழிகாட்டுவதையும் சேர்க்கையின் ஓர் அங்கமாக, ஆள் போட்டு, ஊதியம் கொடுத்து அரசு நடத்தியாக வேண்டும்.

இந்தப் பட்டியல் எப்போதும் இருந்ததல்ல. 2017 வரை மாணவர்கள் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்து பிடித்துக் குடும்பத்தோடு வந்து, வளாகத்து மரத்தடியில் காத்திருந்து, அழைப்பு வந்ததும் உள்ளே போனார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்பது திரையில் ஓடிக்கொண்டிருக்கும். முறை வரும்போது கண்ணெதிரே காலியாக இருப்பவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். அலைச்சலும் செலவும் கொடுமைதான். 2018இல் இணையவழிக்கு மாறியதை எவரும் வரவேற்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த மாற்றத்தில் மாணவர் செய்ய வேண்டிய வேலையின் தன்மையே மாறிப்போனதை நாம் கவனிக்கவில்லை. முன்பு அவர் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இப்போது அவருக்கு முன்னால் உள்ள ஆயிரக்கணக்கானோர் எதை எடுப்பார்கள் என்று தெரியாத நிலையில், நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளையும் அவற்றின் பிரிவுகளையும் முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்தி முன்கூட்டியே எழுதித்தர வேண்டியிருக்கிறது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். கிடைக்கும் அவகாசம் சுமார் மூன்று நாள். ஒதுக்கீடு வந்த பிறகும் வேலை முடிவதில்லை: ஏற்றுக்கொள்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருப்பதா, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதா என்று ஓரிரு நாளில் சொல்லியாக வேண்டும். பயணம் சுலபமாயிற்று, தேர்வு கடினமாயிற்று.

இது வெறும் ஊகமில்லை. பொருளியலாளர் ஷெங்வு லி 2017இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இதே வேறுபாட்டைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தார். முன்னுரிமை எண் கொடுத்து இடங்களைப் பங்கிடும்போது, ஒரு குழுவினர் முறை வந்ததும் இருப்பதில் ஒன்றை எடுத்தார்கள். இன்னொரு குழுவினர் முன்கூட்டியே பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். கணிதப்படி இரண்டும் ஒன்றே. உண்மையான விருப்ப வரிசையை அப்படியே எழுதிவிட்டால் பட்டியல் முறையிலும் அதே விளைவுதான் கிடைக்கும். ஆனாலும் பட்டியல் எழுதியவர்கள் வெகுவாகத் தவறு செய்தார்கள், நேரில் எடுத்தவர்கள் மிகக் குறைவாகவே தவறினார்கள். இஸ்ரேலில் உளவியல் மேற்படிப்புச் சேர்க்கையை ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் விசித்திரம். ஒரே படிப்பை உதவித்தொகையோடும் உதவித்தொகை இல்லாமலும் தனித்தனியாகப் பட்டியலில் எழுதலாம் என்றிருந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உதவித்தொகை இல்லாததை மேலே எழுதினார், அல்லது உதவித்தொகை உள்ளதை எழுதாமலே விட்டுவிட்டார். விதிமுறை அவர்களுக்கு விளக்கப்பட்டிருந்தது. அவர்கள் பட்டப்படிப்பு முடித்தவர்களும்கூட. மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் பதினேழு வயதுப் பிள்ளையைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது இந்தச் சேர்க்கையை ஒரு முறை பார்த்தவர்களுக்கும் தெரியும். கிடைக்காததை மேலே எழுதினால் வாய்ப்பு வீணாகும் என்று பயந்து, ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று தோன்றும் கல்லூரியை முதலில் எழுதுவது முதல் தவறு. முதலில் எழுதியது கிடைத்துவிட்டால் கணினி அதற்குக் கீழே பார்க்கவே பார்க்காது. கிடைக்காததை உச்சியில் எழுதினாலோ ஒரு நட்டமும் இல்லை, அடுத்ததற்கு நகர்ந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது உட்கார வைத்துச் சொன்னாலே பல பட்டியல்கள் திருந்தும். இதற்கு நேர்மாறான தவறு, பெயர்பெற்ற பத்துக் கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு அந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காமல் நிற்பது. பெயரில் ஓரெழுத்து மட்டுமே மாறும் கல்லூரிகளின் குறியீட்டு எண்ணை மாற்றிப் போடுவது, விடுதி இல்லாத கல்லூரியைப் பெண் பிள்ளைக்கு எழுதிவிட்டு ஒதுக்கீடு வந்த பிறகு தினமும் எழுபது கிலோமீட்டர் போய்வர முடியாது என்று உணர்வது, இவையெல்லாம் தனி. பிரிவுகளின் பெயர்களோ இன்னொரு காடு. கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு, பொருள்களின் இணையம் என்று நீளும் பலகைகளில் எது புதிய படிப்பு, எது பழைய படிப்புக்குப் போட்ட புதுச்சட்டை என்று பிரித்துச் சொல்ல வீட்டில் யாருக்குத் தெரியும்? அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃபும் கிடைக்கிறது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து, ‘இந்தக் கல்லூரியின் கட்-ஆஃப் விளம்பரத்தால் ஏறியது, தேர்ச்சி அப்படியே கீழேதான் கிடக்கிறது’ என்று படித்துச் சொல்வது ஒரு தொழில்திறன். தகவல் பலகையில் ஒட்டிவிட்டால் அந்தத் திறன் தானாக வந்துவிடாது.

இந்த வெற்றிடம் காலியாக இருந்துவிடவில்லை. ஊரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்தான் இன்று ஏராளமான மாணவர்களுக்கு நிஜமான ஆலோசகர். சான்றிதழ்களைப் பதிவேற்றிக் கொடுக்கும் அதே கையால் பட்டியலையும் அவரே எழுதுகிறார், சில நேரம் முந்தின நாள் வந்த மாணவருக்கு எழுதியதை அப்படியே நகலெடுத்து. அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கேட்க வேறு ஆளில்லாத இடத்தில் அவர் நிற்கிறார். கவலைக்குரியவர்கள் வேறு. தனியார் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 35 விழுக்காடு, சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களை நிர்வாக ஒதுக்கீட்டில் நிரப்பலாம். அதை நிரப்ப ஆள் தேடுவோர் தேர்வு முடிவுக்கு முன்பே மாணவர்களின் கைப்பேசி எண்களை வைத்திருக்கிறார்கள். ‘கவுன்சலிங்கில் இது கிடைக்காது, இப்போதே முன்பணம் கட்டுங்கள்’ என்பதும் ஆலோசனைதான், அந்தக் குடும்பத்தின் காதில். யூடியூபில் கட்-ஆஃப் கணிப்போரில் நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் யார் கல்லூரியிடம் பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்பதைப் பார்ப்பவர் அறிய வழியில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை என்று பதில் வரும். அதில் நியாயம் உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், அதன் பகுதியாக மாவட்டந்தோறும் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும், உயர்கல்வியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்கும் உயர்வுக்குப் படி முகாம்களும் இந்தியாவின் பல மாநிலங்களில் இல்லாதவை. உதவி மையங்கள் இருக்கின்றன, தொலைபேசி எண்கள் இருக்கின்றன. ஆனால் இவை தருவது தகவல், சில நேரம் ஊக்கம். மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு முன் பேசும் நிபுணர், ஒரு மாணவியின் 143.5 கட்-ஆஃபுக்குப் பட்டியல் எழுதித் தர முடியாது. உதவி மையம் சான்றிதழைச் சரிபார்க்கிறது. ‘எனக்கு எது நல்லது?’ என்ற கேள்வி அதன் வேலை வரம்புக்குள் வராது. தகவலுக்கும் ஆலோசனைக்கும் உள்ள தூரத்தை அமெரிக்காவில் பெரிய செலவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கரோலின் ஹாக்ஸ்பி, சாரா டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள், ஒரு மாணவருக்கு 6 டாலர் செலவில் கல்லூரி விவரங்களை வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பியதாலேயே ஏழை மாணவர்கள் நல்ல கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது கூடியது என்று 2013இல் எழுதினார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி, இவ்வளவு மலிவான தீர்வு யாருக்குக் கசக்கும்? பிறகு காலேஜ் போர்டு அமைப்பு அதே எண்ணத்தை 7,85,000 மாணவர்களிடம் கொண்டுபோய்ப் பார்த்தபோது, அவர்கள் சேர்ந்த கல்லூரிகளில் மாற்றமே தெரியவில்லை. மாறாக, பாஸ்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் பாட்டம் லைன் என்ற அமைப்பு மாணவருக்கு ஒரு ஆலோசகரை நியமித்து விண்ணப்பத்திலிருந்து கல்லூரிக் காலம் வரை கூடவே நடக்கவைத்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சோதித்தபோது, நான்காண்டுப் படிப்பில் சேர்வோரும் பட்டம் முடிப்போரும் அங்கே கூடியிருந்தார்கள். துண்டறிக்கை போதவில்லை, ஆள் வேண்டியிருந்தது.

சேர்க்கை ஆணையோடு விஷயம் முடிவதுமில்லை. கல்லூரிக்குள் போன பிறகு பாடங்களைத் தேர்ந்து பதிவு செய்வது இன்னொரு சடங்கு. விருப்பப் பாடத்துடன் கூடிய மதிப்பலகு முறை கலை அறிவியல் கல்லூரிகளிலும் பொறியியலிலும் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. பெயரில் விருப்பம் இருக்கிறது. துறையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அவர் எடுக்கும் பாடமே பெரும்பாலான கல்லூரிகளில் எல்லோரின் விருப்பம். அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகள், மாணவர் தன் படிப்பைத் திட்டமிட உதவக் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரை ஆலோசகராக நியமிக்கச் சொல்கின்றன. தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவும் வழிகாட்டி ஆசிரியர், மாணவர் விகிதத்தைக் கேட்கிறது. விகிதம் கோப்பில் அழகாக இருக்கும். குழு வரும் மாதத்தில் வழிகாட்டிப் பதிவேடுகளில் ஒரே நிறப் பேனாவால் மூன்று வருடச் சந்திப்புகள் எழுதப்படுவது கல்லூரி ஆசிரியர்களிடையே பழகிப்போன நகைச்சுவை. இதற்கிடையே, தமிழ்வழியில் படித்து வந்தவர் முதல் பருவத்தில் ஆங்கிலவழிக் கணிதத்தில் அரியர் வைக்கிறார். அது ஏறிக்கொண்டே போய் மூன்றாம் ஆண்டில் பத்துப் பன்னிரண்டாக நிற்கும்போதுதான் கல்லூரி பெற்றோரைக் கூப்பிடுகிறது.

முதல் பருவத்திலேயே ஒருவர் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகள் நல்ல சான்று. 2007இல் அங்கே தொடங்கிய ஆசாப் திட்டத்தில், குறைந்த எண்ணிக்கை மாணவர்களை மட்டும் பொறுப்பில் வைத்திருக்கும் முழுநேர ஆலோசகரை மாணவர் அடிக்கடி சந்தித்தாக வேண்டும். குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், மூன்றாண்டுக்குள் பட்டம் முடித்தோர் வழக்கமான மாணவர்களில் 22 விழுக்காடு, திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு. ஆலோசகர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அத்திட்டத்தில் போக்குவரத்து அட்டையும் பாடநூல் உதவியும் கட்டண உதவியும் இருந்தன. ஆனால் நாம் அந்த மற்றப் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பேருந்துக் கட்டணச் சலுகை இருக்கிறது; புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக்குப் போகிறது. நம்மிடம் இல்லாதது அந்த ஆலோசகர் மட்டும்தான்.

இந்த யோசனைக்கு எதிராக எழக்கூடிய கேள்விகளில் என்னை உண்மையிலேயே தயங்கவைப்பது ஒன்று. ஆலோசகரே தடைக்கல்லாக மாறினால்? அமெரிக்கச் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், கலிபோர்னியாவின் ஒரு ஈராண்டுக் கல்லூரியை ஆராய்ந்து 1960இல் எழுதியது இதைத்தான். பெரிய பட்டத்துக்கு ஆசைப்பட்டு வந்த மாணவர்களை ஆலோசகர்கள் இதமாகப் பேசி, தாங்களே முடிவெடுத்ததுபோல உணரவைத்து, சிறிய படிப்புகளுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆசையின் சூட்டைத் தணிப்பதே அவர்களின் வேலையாக இருந்தது என்றார். சாதியும் பாலினமும் ஒவ்வொரு வகுப்பறையிலும் உட்கார்ந்திருக்கும் நம் ஊரில் இந்த ஆபத்து பலமடங்கு. ‘உனக்கு எதுக்குப்பா எலக்ட்ரானிக்ஸ், பாலிடெக்னிக் போயேன்’, ‘மெக்கானிக்கல் பொண்ணுங்களுக்கு ஒத்துவராதும்மா’ என்பவை அக்கறையின் குரலில்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் இந்தக் குரல்கள் ஆலோசகரை நியமித்தால்தான் பிறக்கும் என்றில்லை. இன்றே வீட்டிலும் பள்ளியிலும் பிரவுசிங் சென்டரிலும் கேட்கின்றன, யாரும் கணக்கில் வைக்காமல். நியமிக்கப்பட்ட ஆலோசகரைக் கணக்குக் கேட்க முடியும். அவர் எந்தக் கல்லூரியின் ஊழியராகவும் இருக்கக் கூடாது. மாணவர் முதலில் தன் விருப்பத்தை எழுத வேண்டும், ஆலோசகர் சொன்னது அதன் எதிரே எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியலைப் பூட்டும் கடவுச்சொல் மாணவரிடம் மட்டும். ஓராண்டு முடிந்ததும் எந்தச் சமூகத்து மாணவர்களை, எத்தனை மாணவியரைக் கீழ்நோக்கித் திருப்பினார் என்று அந்தத் தாள்களை வைத்தே பார்த்துவிடலாம்.

பணம் எங்கே, ஆள் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஏற்கெனவே கணக்கெடுப்பிலும் தேர்தல் பணியிலும் மாட்டியிருக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டினால், தர மதிப்பீட்டுப் பதிவேட்டின் கதைதான் திரும்ப நடக்கும். அதனால் ஆசிரியர்களை விட்டுவிடுவோம். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்த மாநிலம் இது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பட்டியல் எழுதவைப்பதற்கு அதில் சிறு பங்கு ஆள் போதும். ஆண்டில் நான்கைந்து மாத வேலை. அரசுப் பொறியியல் கல்லூரிகளில் படித்து முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளே இதற்குப் பொருத்தமானவர்கள். எந்தத் தவறைத் தாங்கள் செய்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய் தன்னார்வத்தில் இதை ஓட்ட முடியாது, முறையான ஊதியம் வேண்டும் என்பது என் கருத்து. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் ஒருவருக்கு அரசு நான்காண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் ஏற்கிறது. தவறான பட்டியலால் தவறான பிரிவில் விழுந்து இரண்டாம் ஆண்டில் அவர் நின்றுவிட்டால் அத்தனையும் வீண். அந்தத் தொகையில் ஒரு சிறு துண்டை அவர் சரியான இடத்தில் சேர்வதற்கு ஒதுக்குவதில் நிதித் துறை முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

இதை எல்லா மாணவர்களுக்கும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே பாதி வழி அடைபட்டுவிடுகிறது என்பதும், அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையிலும் இதே பிரச்சினை வேறு உருவில் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் தொடங்குவதற்கு ஏற்ற இடம் அரசுப் பள்ளிகளிலிருந்து பொறியியலுக்கு விண்ணப்பிப்போர். ஆலோசகர் ஒருவருக்கு நாற்பது, ஐம்பது மாணவர். தரவரிசை வந்ததும் ஒவ்வொருவரோடும் குறைந்தது இரண்டு அமர்வு, ஒன்று பெற்றோருடன். ஒதுக்கீடு வந்த அந்த ஓரிரு நாளில் தொலைபேசியை எடுக்க வேண்டும். பிறகு முதல் பருவத்தின் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு முறை கல்லூரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தேர்வு முடிவுகள் மே மாதம் வருகின்றன. பட்டியல் எழுதும் சுற்றுகள் ஜூலையில் தொடங்குகின்றன. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு ஆலோசகர் கிடைக்க வேண்டுமானால் மாநில வரவுசெலவு அறிக்கையில் ஒரு வரி இருக்க வேண்டும், ஏப்ரலுக்குள் ஆட்களுக்குப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.